இரவுக் கடையைப் பூட்டச் சொல்வதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

இரவு 11 மணிக்குப் பிறகு ஊருக்குள் எந்த ஹோட்டலும் திறந்திருக்கக் கூடாது என்று ஒரு யோசனை போன கிழமை பேசப்பட்டிருக்கின்றது. வருகின்ற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அதைப் பற்றிக் கூட்டம். யோசனையைக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் நம்மட ஆட்கள். பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள். அவர்களோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலையைப் போட்டுத் தூங்கும் பிள்ளைகளை அவர்களை விட நாங்கள்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனாலும் சில விடயங்களைக் கூட்டத்துக்கு முன்னரே எழுதிவிட வேண்டும் என்று பட்டது. அங்கே மைக் கைக்கு வருவதற்குள் மஃரிபுக்கு பாங்கு சொல்லிவிடும்.

நாங்கள் என்றால், மெயின் ரோட்டு முனைக் கடையின் உள் மேசையில் இருக்கும் நாலு பேர். நாலு பேரும் ஆசிரியர்கள். தவணைப் பரீட்சைத் தாள் திருத்த, புள்ளி கூட்ட, சும்மா கதைக்க என்று கிழமைக்கு இரண்டு மூன்று இரவு அங்கே இருப்போம். கடைப் பொடியன்கள் அதற்கு 'சேர்மார்ர மேசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் கடைக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் சொன்னால் அதுவும் சரிதான். எங்களது பிளேன்டீக் கணக்கு அங்கே கொப்பியில் கிடக்கின்றது.

கடையின் பெயரை எழுதவில்லை. பலகையில் இருக்கும் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப்பேருக்கு விளங்காது. முனைக் கடை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு ஒன்று விளங்காது. இந்தக் கரையில் இரவு நமக்குச் சொந்தமாக இருந்த காலம் கொஞ்சம்தான். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். ஒன்பது நாள் கழித்து ஏறாவூர். அது நடுச்சாமத்தில், வீடுகளுக்குள். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு ஒரு நாள் முடிந்துவிடும். கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையை இழுத்து வைப்போம். விளக்கைக் குறைப்போம். பெரியவர்கள் முறை போட்டு டோர்ச்சோடு சந்திகளில் நிற்பார்கள். இருமல் வந்தால் தலையணைக்குள் முகத்தை வைத்து இரும வேண்டும். பிரசவ வலி வந்த உம்மாமார் விடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். கலியாணம் எல்லாம் பகலில். ஜனாஸாவும் பகலில்தான்.

முனைக் கடை அப்போதும் இருந்தது. இப்போதைய காக்காவின் வாப்பா நடத்திய தேத்தண்ணிக் கடை. ஐந்து மணிக்கே பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, குறுக்கே இரும்பை மாட்டிவிட்டுப் போய்விடுவார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் கொழும்பு பஸ்கள் பயமில்லாமல் இரவில் ஓடத் தொடங்கின. ஒரு நாள் சாமத்தில் ஒரு கன்டக்டர் வந்து பலகையில் தட்டி, பஸ்ஸில் நாற்பது பேர் இருக்கிறார்கள், தேத்தண்ணி போட்டுத் தர முடியுமா என்று கேட்டாராம். உள்ளே படுத்திருந்த வாப்பா முதலில் பதில் சொல்லவே இல்லையாம். இரவில் கதவு தட்டினால் சத்தம் காட்டாமல் கிடந்து பழகிய மனுசன். கன்டக்டர் மூன்றாம் முறை தட்டிய போதுதான் எழும்பி ஒரு பலகையை மட்டும் கழற்றினாராம். இதைக் காக்கா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு பலகையைக் கையால் காட்டித்தான் சொல்லுவார்.

விடிய விடியத் திறந்திருக்கும் கடையை நாங்கள் முதலில் பார்த்தது கொழும்பில். மகரகம தேசிய கல்வி நிறுவகத்துக்குப் பயிற்சிக்குப் போன காலம். இரவில் பசித்தால் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக் கொள்ளுப்பிட்டிக்குப் போவோம். காலி வீதியில் பிலாவூஸ். அதே பெயரை ஒன்றிரண்டு எழுத்து மாற்றி எழுதிய பலகைகள் அந்தப் பக்கத்தில் வேறும் இருந்தன. எது முதலாவது கடை என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்றைக் காட்டுவார்கள். நமக்கென்ன, கொத்து சூடாக இருந்தால் சரி. அங்கே நாங்கள் கண்டது ஒரு புதினமான சபை. பார்களும் கிளப்புகளும் மூடிய பிறகு அங்கேயிருந்து வருகிறவர்கள், ட்யூட்டி முடிந்த தாதிமார், ஆட்டோக்காரர்கள், விலை உயர்ந்த காரை ரோட்டோரம் நிறுத்தி மடியில் தட்டை வைத்துக்கொண்டு சீஸ் கொத்துத் தின்னும் பணக்காரப் பிள்ளைகள், ஐஸ் மைலோவோடு நாலு பேர் ஒரு கதிரைக்குச் சண்டை. அது முஸ்லிம் கடை. குடிவகை கிடையாது. ஆனால் குடித்துவிட்டு வருகிறவனையும் இருக்க வைத்துச் சோறு போட்டார்கள். சாரத்தோடு வந்தவருக்கும் கோட்டோடு வந்தவருக்கும் ஒரே தட்டு, ஒரே ஆணம்.

கொத்து எங்கே பிறந்தது என்று பட்டிமன்றமே நடத்தலாம். மட்டக்களப்பு என்கிறார்கள், திருகோணமலை என்கிறார்கள். கிழக்கு என்பதில் மட்டும் நமக்குள்ளே பிரச்சினை இல்லை. கொழும்பான் சீஸ் போட்டது பிற்பாடு.

நம்மட முனைக் கடையின் இரவு கொழும்பைப் போல ஆரவாரம் இல்லை. பத்து மணிக்கு வீட்டுப் பார்சல்காரர் கூட்டம் குறையும். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்பவர்கள் சுடுதண்ணிப் போத்தலோடு வருவார்கள். ஒரு மணிக்குத் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிய லொறி. டிரைவர் சிங்களவர். காக்காவும் அவரும் ஒருவருக்கொருவர் 'முதலாளி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவர்கள். இந்த மேசைக்கு மட்டும் காக்கா கேட்காமலே இரண்டு முட்டை கூடப் போடச் சொல்லுவார். காசு வாங்குவது அவர்கள் கரைக்கு வந்து மீன் விற்ற பிறகு. மூன்றரைக்குப் பள்ளிக்குப் போகும் ஒரு வயோதிபர், தஹஜ்ஜுத் தொழ. வெறும் தேத்தண்ணி, கற்கண்டு தனியாக. அவர் வந்தால் எங்களுக்கு வெட்கம் வந்துவிடும். எழும்பி வீட்டுக்குப் போய்விடுவோம்.

கல்லில் கொத்துப் போடும் சத்தத்தை வைத்தே யார் நிற்கிறான் என்று சொல்லிவிடலாம். பெரிய தம்பி நின்றால் ஒரே சீர். புதுப் பொடியன் என்றால் இரண்டு தகடும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பராட்டாவை முதலில் ஆணம் விடாமல் காயக் கொத்த வேண்டும், வெங்காயமும் கறிவேப்பிலையும் மணக்கத் தொடங்கிய பிறகுதான் முட்டை, ஆணம் எல்லாவற்றுக்கும் கடைசி என்று காக்கா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆணத்தை முதலே ஊற்றினால் களியாகிவிடுமாம். சத்தம் போடுவது வேலைக்குத் தேவையா, விளம்பரமா என்று ஒரு நாள் கேட்டோம். "ரெண்டுந்தான் சேர். ரோட்டால போறவனுக்குப் பசி எண்டு ஞாபகம் வரணுமே" என்றார்.

இப்போது எல்லோரும் வாயைத் திறக்கத் தயங்கும் விடயத்துக்கு வருவோம். தவறணைக்கும் பாருக்கும் போய்விட்டு வருகிறவர்கள்.

நம்மட ஊரில் அப்படி ஒரு இடமும் இல்லை. அக்கம் பக்கத்தில் இருக்கின்றது. அது மூடினால் வீட்டுக்குப் போக முடியாத நிலையில் சிலர் முனைக் கடைக்கு வருகிறார்கள். அயலூர்த் தமிழ்ச் சகோதரர்கள் வருகிறார்கள், வேலைக்கு வந்த தூரத்து ஆட்கள் வருகிறார்கள். நம்மட ஆட்களும் வருகிறார்கள். இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டால் பதிவே பொய்யாகிவிடும். ஹராம் ஹராம்தான், அதில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்லை. காக்காவுக்கும் இல்லை. போத்தலோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். வாய் காட்டினால் தம்பிமார் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவார்கள். ஆனால் பசி என்று வந்தவனைத் திருப்பி அனுப்பி நாங்கள் பார்த்ததில்லை.

இன்னொன்றும் செய்வார். போன வருடம் ஒரு இரவு, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பராட்டா இரண்டு தின்றுவிட்டுக் காசு கொடுக்க எழும்பினார். நிற்க முடியவில்லை. காக்கா மிச்சக் காசைக் கொடுக்கவில்லை.

"திறப்ப ஒருக்கா தாங்க தம்பி, வண்டி வழிய மறிச்சிட்டு நிக்கிது, பொடியன் தள்ளி வெப்பான்."

அந்த மனுசன் திறப்பைக் கொடுத்தார். காக்கா அதை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு அரை மணித்தியாலம் ஏச்சு. நாங்கள் எழும்பப் பார்த்தோம், காக்கா கண்ணால் இருக்கச் சொன்னார். ஏசி முடிந்ததும் அந்த மனுசன் கதிரையிலேயே தூங்கிவிட்டார். லாச்சியைத் திறந்து காட்டினார் காக்கா. உள்ளே மூன்று திறப்பு. "ஒண்டு போன கிழமைக்குரியது. ஆள் வெக்கத்துல வாறான் இல்ல. வண்டி பின்னுக்கு நிக்கிது."

நம்மட மெயின் ரோட்டில் இரவில் பைக்கில் போய் அடிபட்டு மௌத்தான பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்கள் போயிருக்கிறோம். வகுப்பில் அவர்களது பெயரைக் கூப்பிட்டுப் பழகிய வாய் எங்களுடையது. அந்த லாச்சியைப் பார்த்த பிறகு இந்தக் கடை பூட்டக்கூடியதா இல்லையா என்பதில் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இரவில் ஒரு முஸ்லிம் கடை திறந்திருப்பது இந்த நாட்டில் சின்ன விடயமும் இல்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் என்ன நடந்தது என்று மறந்துவிடாதீர்கள். இப்படியான ஒரு சாப்பாட்டுக் கடைதான். ஆணத்தில் கட்டியாக ஏதோ கிடந்தது, அது பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்று கிளப்பினார்கள். கடைக்காரரைச் சுற்றி நின்று கேட்டுத் தலையாட்ட வைத்து, அதைப் போனில் பிடித்துப் பரப்பினார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துச் சொன்னது, அது மாவுக் கட்டி. கரையாத மாவு. வீட்டில் உம்மா ஆணம் காய்ச்சினால் எத்தனை தரம் வந்திருக்கும்!

அந்தக் கிழமை முனைக் கடைக்கும் பயம் வந்தது. பூட்டுங்கள் காக்கா, கொஞ்ச நாளைக்குப் பகலில் மட்டும் நடத்துங்கள் என்று நாங்களும் சொன்னோம். காக்கா ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் இரவு ஒரு மணிக்கு அந்த மரக்கறி லொறி வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கை கழுவி, வழக்கமான மேசையில் இருந்து, வழக்கமான இரண்டு பராட்டாவும் மாட்டிறைச்சி ஆணமும் கேட்டார். வேறு கதை இல்லை. தின்று முடித்து ஒரு பார்சலும் கட்டச் சொன்னார், வீட்டுக்கு. அவர் போன பிறகு காக்கா கல்லடியில் கொஞ்ச நேரம் நின்றார். பூட்டுகிற பேச்சு அதோடு முடிந்தது.

கடை பூட்டிக் கிடந்த நாட்களும் உண்டு. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டு வெடித்த பிறகு ஊரடங்கு. 2020 மார்ச் 20 தொடங்கி கொரோனா ஊரடங்கு. 2022 வந்த போது ஊரடங்கை விட மோசம். 2021 செப்டம்பரில் 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அதுவும் கிடைத்தால்தான். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காக்கா கல்லுக்குக் கீழே விறகு வைத்தார். பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் கிடந்தவர்களுக்கு வாளியில் தேத்தண்ணி போனது, கணக்குக் கொப்பி இல்லாமல். நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தாள் திருத்தினோம். அந்த வருடப் பிள்ளைகளுக்குப் புள்ளி கொஞ்சம் கூடப் போயிருக்கலாம், வெளிச்சம் அப்படி.

அந்த நாட்களில் எல்லாம் பூட்டச் சொன்னது அரசாங்கம், அல்லது பயம், அல்லது கேஸ் கம்பனி. இப்போதுதான் முதல் தடவையாக நாமே நமக்கு ஊரடங்கு போடப் பார்க்கிறோம்.

பிள்ளைகளின் விடயம் உண்மை. ஐஸ் ஊருக்குள் வந்துவிட்டது. யாருடைய வீட்டிலும் இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் வெளிச்சத்துக்குக் கீழே, காக்காவும் நாலு சேர்மாரும் பார்த்துக்கொண்டிருக்கும் மேசையில் அதை எடுக்க எந்தப் பொடியனும் வருவதில்லை. அவன் போவது கடற்கரைப் பக்கம். சுனாமியில் உடைந்து இன்னும் கட்டாமல் கிடக்கும் வளவுகளுக்கு. அங்கே இரவில் ஒரு பல்ப் இல்லை. முனைக் கடைக்கு வரும் பிள்ளை எங்களைக் கண்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போவான், பிறகு 'சேர், நாளைக்கு டெஸ்ட் இருக்கா?' என்று வழிவான். இரண்டு பேரை அந்த மேசையில் பிடித்து உட்கார வைத்துத்தான் ஏ.எல்லுக்குத் திரும்ப எழுத வைத்தோம். ஒருவன் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். மற்றவன் கட்டாரில், அவனும் நல்லாயிருக்கிறான்.

குறை இல்லை என்றும் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடும் பைக்குகள் அந்தச் சுற்று வட்டாரத்தில் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குச் சித்திரவதை. எண்ணெய் பிரண்ட லன்ச் சீட்டுகள் வடிகானை அடைக்கின்றன, மழை நாளில் அந்தத் தண்ணீர் அடுத்த வளவுக்குள் போகின்றது. இதைப் பற்றி அயலவர் போட்ட பெட்டிசம் நியாயமானது.

நம்மட பெண்களுக்கு அந்தக் கடையில் இடமில்லை என்பதும் உண்மை. ஒரு இரவு இரண்டு மணிக்குக் கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஒரு உம்மா தனியாக வந்து, வாசலில் நின்றபடியே பால் சூடாக்கித் தர முடியுமா என்று கேட்டார். கடை முழுக்க ஆம்பிளைகள். உள்ளே வரச் சொல்லவும் இடமில்லை, வெளியே நிற்கவிடவும் மனமில்லை. நாங்கள் நாலு பேரும் எழும்பி வெளியே போனோம். காக்கா எங்களது மேசையைச் சுவர்ப் பக்கம் இழுத்து, மாமூட்டைச் சாக்கை மறைப்பாகத் தொங்கவிட்டார். அந்தப் பிள்ளை பால் குடித்துத் தூங்கிய பிறகுதான் உம்மா ஒரு பிளேன்டீ கேட்டார். மறுநாள் காக்கா தச்சனைக் கூப்பிட்டு அந்த மூலைக்கு ஒரு பலகைத் தடுப்பு அடித்தார். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பெண்கள் இப்போது அதில் இருக்கிறார்கள். எங்கட மேசை வாசல் பக்கம் தள்ளிப்போய்விட்டது. கொசுக் கடி.

ஆகவே வெள்ளிக்கிழமை நாங்கள் கேட்கப் போவது இவைதான். 12 மணிக்குப் பிறகு சைலன்சர் இல்லாத பைக் வந்தால் தட்டுக் கொடுப்பதில்லை என்று கடைக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். குப்பைக்குக் கடை தன் செலவில் இரண்டு பெரிய பீப்பா வைக்க வேண்டும், காக்கா சம்மதித்துவிட்டார். பூட்டுகிற பேச்சுக்குப் பதிலாகக் கடற்கரை வீதிக்கு லைட் போடுகிற பேச்சை ஊர் எடுக்க வேண்டும். அதற்குக் கையெழுத்து வாங்குகிற வேலையை நாங்கள் நாலு பேரும் செய்கிறோம்.

கூட்டத்துக்கு வாருங்கள் என்று காக்காவையும் கூப்பிட்டோம். "அஸருக்குப் பொறகா? அந்நேரம் எனக்கு நடுச்சாமம் சேர்" என்றார். ஆள் வரமாட்டார் போலத்தான் இருக்கின்றது. பெரிய தம்பியை அனுப்புவதாகச் சொன்னார். கையெழுத்துக் கொப்பி நாளை இரவிலிருந்து கல்லாவில் இருக்கும். எந்த நேரமும் வரலாம்.